வந்தவர் யார்? இருந்தவர் யார்?

நாம் குடியிருக்கும் கெலுகோருக்கு அப்பெயர் ஒரு மரத்தினால் வந்தது. அசாம் கெலுகோர் என்னும் அம்மரத்தின் புளிப்புக் காயை வட்ட வட்டமாக அரிந்து, வெயிலில் உலர்த்தி, அசாம் கெப்பிங் என்ற பெயரில் நம்மவரின் மளிகைக் கடைகளில் விற்கிறோம். மீன் கறிக்கு ஊர்ப்புளியை விட்டு அதையே போடும் வீடுகள் நம்மில் பல உண்டு. அந்த மரம் இந்த மண்ணுக்கே உரியது. அதை எவரும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரவில்லை.

ஆனால் அம்மரத்தின் பெயரைத் தாங்கிய இவ்வூரிலே ஒரு காலத்தில் பேர் பெற்று விளங்கியது வேறொரு மரம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கெலுகோர் தோட்டத்திலே சாதிக்காய் பயிராயிற்று. சாதிக்காயின் தாயகமோ கிழக்கே நெடுந்தொலைவிலுள்ள பண்டாத் தீவுகள். ஆங்கிலேயர் கன்றுகளைக் கொண்டுவந்து பினாங்கில் நட்டனர். இன்று பினாங்குக்கு வரும் வெளியூரார் திரும்பும்போது மறவாமல் வாங்கிச் செல்லும் பண்டங்களில் சாதிக்காய் ஊறுகாயும் ஒன்று. அதைப் பினாங்கின் சொந்தச் சரக்கு என்றே யாவரும் எண்ணுகின்றனர். வந்த மரம் என்று அதை எவரும் ஒதுக்கவில்லை.

மரத்துக்கு இவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடும் இந்த உரிமை, மனிதனுக்கு மட்டும் ஏன் எளிதில் கிடைப்பதில்லை? இதைப் பற்றியே இங்கு நம் வியாபாரப் பெருமக்களோடு சிறிது கலந்து யோசிக்க விரும்புகிறேன்.

யோசிக்கத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சில மாதங்களுக்கு முன்னர் ஒரு காரியமாக ஓர் அலுவலகத்திற்குப் போயிருந்தேன். தாள்களைப் பார்த்துக் கையொப்பம் வாங்கிய அந்த இளைஞர், புன்சிரிப்போடு, "இந்தியாவுக்கு எப்போது திரும்பப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அதிலே வெறுப்பு ஏதுமில்லை. ஏதோ மழையைப் பற்றிப் பேசுவதுபோலக் கேட்டார். என் பாட்டனார் இராமநாதபுரம் சீமையிலிருந்து சபுர் வந்தவர். அவர் அடங்கியிருப்பது இத்தீவின் மையவாடியிலே. என் வாப்பா பிறந்தது இங்கே. நான் பிறந்ததும் இங்கே. திரும்பிப் போவதற்கு எனக்கு அங்கே ஒரு சாண் நிலமும் கிடையாது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

இதே கேள்வியைத் தம் வாழ்நாட் பணியாகவே எடுத்துக்கொண்ட ஒரு கலைஞர் நம் ஜார்ஜ் டவுனில் தோன்றியிருக்கிறார். அவர் பெயர் வோங் ஹோய் சியோங். சீன வமிசத்தவர், 1960-ஆம் ஆண்டு இவ்வூரிலே பிறந்து அமெரிக்காவில் கல்வி கற்றவர். இன்ன கலை என்று ஒன்றோடு நிற்பவரல்லர். ஓவியம் தீட்டுவார், படம் பிடிப்பார், அரங்கிலே நடிப்பார், பொருள்களைக் கூடத்தில் நிறுத்திக் காட்சியாக்குவார். அவர் 1990-களில் பெரிய பெரிய தாள்களிலே கரிக்கோலால் ஒரு வரிசை ஓவியங்களைத் தீட்டினார். அவருடைய குடும்பத்தார் இந்நாட்டுக்கு வந்து வேரூன்றிய வரலாறே அவற்றின் பொருள். ஓர் ஓவியத்தின் பெயர் ரப்பர் மரம் வெட்டியவருக்கும் பள்ளி ஆசிரியைக்கும் நடந்த திருமணத்தைச் சொல்வது. மற்றொன்றின் பெயர், சிலர் மலாயாவைக் கனவு கண்டனர், சிலர் பிரிட்டனைக் கனவு கண்டனர் என்று பொருள்படுவது. 1996-இல் இவையனைத்தையும் அவர் காட்சிக்கு வைத்தபோது அக்காட்சிக்கு இட்ட பெயர், 'குடியேறிகளும் ரப்பர் மரங்களும்' என்ற கருத்துடையது. அந்தத் தலைப்பிலேயே அவருடைய வாதம் முழுவதும் அடங்கிவிட்டது. மனிதனையும் மரத்தையும் ஒரே வரியில் நிறுத்தி, இருவரும் வந்தவர்கள்தாமே என்று கேட்டுவிட்டார்.

ரப்பர் மரம் வந்த கதையை நாம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 விதைகளைப் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றிலே முளைத்தவை மிகச் சில. அடுத்த ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் கைப்பிடிக் கன்றுகளிலிருந்து கிளைத்ததே மலாயாவின் செல்வம் எல்லாம். அம்மரத்தின் பட்டையைச் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த ஏழைகள். அவர்களுக்கு அரிசியும் மிளகாயும் துணியும் விற்றுப் பிழைத்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. பள்ளிப் புத்தகத்திலே ரப்பர் மரத்தை நாட்டின் மரமாகவே பிள்ளைகள் படிக்கிறார்கள். அதைச் சீவியவனுடைய பேரனோ இன்னும் 'பெண்டாத்தாங்', அதாவது வந்தவன் என்று சொல்லக் கேட்கிறான்.

ரப்பருக்குப் பின் இந்நாட்டை நிரப்பியது செம்பனை. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் 4 கன்றுகளாக இப்பகுதியில் கால் வைத்தது. 1917-இல் சிலாங்கூரில் வியாபாரத் தோட்டமாயிற்று. ஆப்பிரிக்காவின் மரம் நம் அடுப்பங்கரையில் எண்ணெயாகக் கொதிக்கிறது. இதற்கு எதிராக, நம் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது ஒன்றும் உண்டு. அது துணி. ஓவியமும் காட்சியும் நமக்கெதற்கு என்று நினைக்கும் அன்பர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். துணியின் விஷயம் நமக்குத் தெரியாததல்லவே!

மேற்கு ஆப்பிரிக்காவின் சந்தைகளில் மெழுகுத் துணி என்று ஒன்று பெயர் பெற்றது. பளிச்சென்ற வண்ணமும் பெரிய பெரிய பூவும் கொண்டது. அதைக் கண்டதும் யாரும் ஆப்பிரிக்கத் துணி என்று சொல்லிவிடுவர். ஆனால் அதன் மூலம் நம் அண்டையிலுள்ள ஜாவாவின் பாத்திக். அதைக் கண்ட டச்சுக்காரர், மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கும் அந்தக் கைவேலையை இயந்திரத்தில் செய்யத் துணிந்தனர். ஹெல்மண்ட் என்ற ஊரிலே 1846-இல் தொடங்கிய விலிஸ்கோ ஆலை இவற்றில் பேர்பெற்றது. ஆலைத்துணியில் மெழுகு வெடித்துக் கோடு கோடாகச் சாயம் கசிந்தது. ஜாவாக்காரர் அதைக் குறையென்று தள்ளினர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதே துணியை மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோனபோது, அங்குள்ளோர் அந்தக் கோடுகளையே அழகென்று கொண்டாடினர். 1831 முதல் 1872 வரை டச்சு அரசாங்கம் எல்மினா என்னும் துறையில் ஆப்பிரிக்க வீரர்களைச் சேர்த்து ஜாவாவுக்கு அனுப்பிற்று. சுமார் 3,000 பேர். ஊர் திரும்பிய அவர்கள் பாத்திக்கைத் தங்கள் பெண்டு பிள்ளைகளுக்குக் கொண்டுபோனார்கள் என்றும் சொல்வார்கள். சபுர் போய்த் திரும்பியவன் துணி கொண்டுபோவது நாம் மட்டும் கண்ட வழக்கமல்ல.

இந்தத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு உலகத்தோடு வாதாடியவர் இன்கா ஷோனிபாரே என்ற கலைஞர். நைஜீரியப் பெற்றோருக்கு 1962-இல் லண்டனில் பிறந்து, லாகோஸ் நகரில் வளர்ந்து, மீண்டும் லண்டனுக்குக் கலை கற்க வந்தவர். அங்கே ஓர் ஆசிரியர் அவரைப் பார்த்து, நீ ஏன் அசலான ஆப்பிரிக்கக் கலையைச் செய்யக்கூடாது என்ற கருத்தில் கேட்டாராம். அசல் எது என்று தேடப் போனவர், லண்டன் பிரிக்ஸ்டன் சந்தையிலே அந்த மெழுகுத் துணியை வாங்கினார். அதன் வரலாறு தெரிந்ததும் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. அது முதல் அத்துணியிலேயே ஆங்கிலேயப் பிரபுக்களின் பழங்கால உடைகளைத் தைத்துப் பொம்மைகளுக்கு அணிவித்தார். 2010-இல் லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில், நெல்சன் தளபதியின் கப்பலை ஒரு பெரிய கண்ணாடிப் புட்டியில் வைத்து, அதன் 37 பாய்களையும் இந்தத் துணியால் விரித்துக் காட்டினார். கப்பல் யாருடையது, பாய் யாருடையது, அதை ஓட்டிய காற்று யாருடையது என்று பார்த்தவர்கள் தங்களையே கேட்டுக்கொண்டனர்.

நாமும் நம் அலமாரியைத் திறந்து பார்க்கலாம். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு வரும் மலாய்ச் சகோதரர் உடுத்தியிருக்கும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது வேறொன்றுமில்லை. சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடுதான். அத்துறையிலிருந்து சூலியர் கப்பல்களில் வந்த துணி அது. இன்று அது மலாய்க்காரரின் அடையாளம். நம் ஊர்ச் சரக்கை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று நாம் வழக்குப் போடுவோமா? அவ்வாறே நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள், சென்னைச் சீமையின் கட்டம் போட்ட துணியை 'இஞ்சிரி' என்று அழைத்து, பிறப்புக்கும் இறப்புக்கும் அதையே விரிக்கின்றனர். அது மட்டுமன்று. துணியில் சில இழைகளை மட்டும் கத்தியால் அறுத்து உருவிவிட்டு, அதிலே புதியதொரு கோலத்தைத் தோற்றுவிப்பர். அதன் பிறகு அது எங்கே நெய்யப்பட்டிருந்தாலும் கலபாரித் துணியே.

இந்த இடத்தில் அன்பர்கள் ஓர் ஆட்சேபத்தை எழுப்பக்கூடும். எல்லாம் கலந்தது, எல்லாம் வந்தது என்றால், நம்முடையது என்று ஒன்று வேண்டாமா? நம் பிள்ளைகள் தமிழை மறந்தால் அதுவும் ஒரு புதுக்கோலம் என்று சும்மா இருப்பதா? நியாயமான கேள்வி. கலபாரிப் பெண்மணி சில இழைகளைத்தான் உருவுகிறாள். எதை உருவுவது, எதை விடுவது என்று எண்ணியே உருவுகிறாள். எல்லா இழையையும் உருவினால் மிஞ்சுவது துணியல்ல, பஞ்சு. நாம் கைலியைக் கட்டினாலும், மலாயில் பேசினாலும், அசாமைக் கறியில் போட்டாலும் குற்றமில்லை. தெரிந்து மாற்றிக்கொள்வது வேறு. கவனமின்றி இழப்பது வேறு.

மற்றோர் ஆட்சேபமும் உண்டு. அது எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. துணியும் மரமும் உரிமை கேட்பதில்லை, மனிதன் கேட்கிறான். ஆகவே அவனையும் அவற்றையும் ஒன்றாக வைக்கலாகாது என்பர். இதிலும் உண்மை இருக்கிறது. ரப்பரை நட்டவர்களும் கூலிகளைக் கப்பலேற்றியவர்களும் இந்நாட்டு மக்களிடம் அனுமதி கேட்கவில்லை. தங்கள் மண்ணிலேயே தாங்கள் ஒதுங்கிப்போவோமோ என்று அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவிலே கொடியேற்றிய சில ஆண்டுகளுக்குள் சூலியர் கடை விரித்தனர். 1801-இல் காதர் முகைதீன் அவர்களின் தலைமையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. நாங்கள் இருநூறு ஆண்டு பழையவர்கள் என்று நாம் பெருமை பேசுவதில் தவறில்லை. ஆனால் இருக்கும் காலமே உரிமையின் அளவுகோல் என்று நாம் ஒப்புக்கொண்டால், நம்மைவிட நீண்ட காலம் இருப்பவர் நம்மை அதே கோலால் அளக்கும்போது நாம் குறை சொல்ல முடியாது. நேற்று வந்தவனிடம் நாம் அதே கோலை நீட்டுவதையும் தடுக்க முடியாது.

இந்த நேற்று வந்தவனைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஜார்ஜ் டவுன் கலைஞரான வோங் 2003-இல் வெனிஸ் நகரக் கலைவிழாவில் வைத்த ஒரு படைப்பில், மலேசியா ஒரு காலத்தில் ஆஸ்திரியாவை அடிமை கொண்டு ஆண்டதாக ஒரு கற்பனையை ஜோடித்தார். ஆண்டவனும் ஆளப்பட்டவனும் இடம் மாறி உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று காட்டினார். அதைப் படித்தபோது நான் சிரித்தேன். ஆனால் அதே இடமாற்றம் என் கடையிலேயே நடந்தது.

அந்த அலுவலகத்திலிருந்து மனம் நொந்து திரும்பிய மாலையில், கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த பையனோடு பேச்சுக் கொடுத்தேன். பங்களாதேஷிலிருந்து வந்தவன், நான்கு ஆண்டுகளாக நம்மிடம் வேலை செய்கிறான். வந்த புதிதில் ஒரு சொல்லும் தெரியாதவன், இப்போது வாடிக்கைக்காரரோடு தமிழில் விலை பேசுகிறான். என் பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் கேள்விக்கு அவன் தமிழில் பதில் சொல்கிறான். பேச்சினிடையே நான் அவனிடம், "ஊருக்கு எப்போது போகப் போகிறாய்?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் என் காதிலே என் குரல் விழுந்தது. புன்சிரிப்போடுதான் கேட்டேன். வெறுப்பு ஏதுமில்லை. அந்த அலுவலக இளைஞர் கேட்டதற்கும் நான் கேட்டதற்கும் எள்ளளவும் வேற்றுமை இல்லை.

அவன், "தெரியாது பாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த கைலியை எடுத்து மடித்தான்.

அவனுக்கு ஊர் எது என்று எனக்குத் தெரியாது. தகப்பன் உயிரோடிருக்கிறாரா என்று தெரியாது. கடையில் எல்லோரும் 'பங்களா' என்றுதான் அழைக்கிறோம். அவன் பெயரைச் சம்பளப் புத்தகத்தில் மட்டுமே எழுதியிருக்கிறேன். அவனுடைய பாஸ்போர்ட் என் மேசை அறையில் பூட்டியிருந்தது. தொலைந்துவிடாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். பிறருடைய பாஸ்போர்ட்டை அவ்வாறு வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் என்பதை நான் அறியாதவனல்ல. என் பாட்டனாரின் காகிதங்களை எந்த முதலாளியாவது இப்படிப் பூட்டிவைத்திருந்தால் நாம் இன்று அந்த முதலாளியைப் பற்றி என்ன பேசுவோம்?

மதீனாவின் வரலாறு நம் அனைவருக்கும் தெரியும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து அங்கு வந்தபோது, வந்தவர்களான முஹாஜிர்களையும் இருந்தவர்களான அன்சாரிகளையும் இருவர் இருவராகச் சகோதரராக்கினார்கள். சஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களோடு சேர்க்கப்பட்டவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பு (ரலி) அவர்கள். சஅத் தம் செல்வத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். அப்துர் ரஹ்மான் அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார். நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்றே முன்னுக்கு வந்தார்.

வியாபாரிகளான நாம் இந்தக் கதையில் அப்துர் ரஹ்மான் அவர்களையே பெரும்பாலும் புகழ்கிறோம். கையேந்தாமல் உழைத்தவர் என்கிறோம்; நம் முன்னோரும் அப்படித்தான் என்கிறோம். ஆனால் அவர் கேட்டபோது கடைத்தெருவுக்கு வழி காட்டிய ஒருவர் இருந்தார். பாதியைத் தரத் துணிந்த ஒருவர் இருந்தார். வந்தவன் கேட்பது பெரும்பாலும் வழியைத்தான், பாதியை அல்ல. அந்த வழியைக்கூடக் காட்டாமல், நாம் மட்டும் இந்நாட்டில் அன்சாரிகளைத் தேடிக்கொண்டிருந்தால் அது எப்படி நியாயமாகும்?

ஆகவே, வந்தவர் யார், இருந்தவர் யார் என்ற கேள்விக்கு என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது. எந்த ஆண்டிலே வந்தான் என்பதைக் கொண்டு ஒருவன் ஒரு மண்ணுக்கு உரியவனாவதில்லை. அந்த மண்ணின் சுமையைத் தோளில் வாங்கி, தனக்குப் பின் வந்தவனுக்கும் இடம்விட்டு நகர்ந்து உட்காரும்போது உரியவனாகிறான். நகர மறுப்பவன் எத்தனை தலைமுறை இருந்தாலும் விருந்தாளியாகவே இருக்கிறான்.

அன்பர்களே, இது பிரசங்கத்துக்காகச் சொன்னதன்று. மறுநாள் காலையில் நான் மேசை அறையைத் திறந்து, அந்தப் பையனுடைய பாஸ்போர்ட்டை எடுத்து அவன் கையிலே கொடுத்தேன். அவன் பயந்துவிட்டான், வேலையை விட்டு அனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டான். அப்படியில்லை என்று விளங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. பிறகு அவனை உட்காரவைத்து, ஊர் எது என்று கேட்டேன். சொன்னான். ஒரு பெரிய ஆற்றின் கரையிலாம். ஒவ்வோர் ஆண்டும் கரை இடிந்து வீடுகள் ஆற்றில் போகுமாம். அவர்கள் வீடு மூன்று முறை இடம் மாறியதாம். நான்கு ஆண்டுகள் பக்கத்தில் நின்றவனைப் பற்றி அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் கடையிலும் அப்படி ஒருவன் நிற்கக்கூடும். இவ்விதழை மடித்து வைத்ததும் அவனைக் கூப்பிட்டு, அவன் ஊரின் பெயரைக் கேளுங்கள். எப்போது திரும்பிப் போகிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.